ஏழில் முடியும் எண்

"உங்க போன் நம்பர் மூணால வகுபடும்."

ஞாயிறு மதியம், சிங்கப்பூரில் ஈசூன் போகும் பஸ். ஃபேரர் பார்க்கில் ஏறி என் முன் இருக்கையில் உட்கார்ந்த தம்பதியில் மனைவிதான் திடீரென்று இதைச் சொன்னார்.

"விருந்து முடிஞ்சு பஸ்ஸும் ஏறியாச்சு. இன்னும் அதையேவா நினைச்சிட்டு இருக்க?" என்றார் கணவர்.

"எட்டு இலக்கத்தையும் கூட்டினா முப்பத்தொன்பது. அது மூணால வகுபடுதுல்ல? அப்ப மொத்த நம்பரும் வகுபடும். ஏழுல முடியுதுன்னு அதப் போய் பிரைம் நம்பர்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டீங்க."

"சும்மா ஜாலிக்குச் சொன்னேன் லா. யாரு செக் பண்ணப் போறா?"

"நான் அங்கேயே சொன்னேன். 'உனக்கு என்ன தெரியும், போய்ப் பாயசம் எடுத்துட்டு வா'ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தப்புதான். எனக்கே வெக்கமா இருக்கு."

"உங்கள விடுங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். சிரிச்சிட்டே போய்ப் பாயசம் எடுத்துட்டு வந்தேன்."

பிறகு மனைவியின் குரல் தாழ்ந்தது.

"நாளைக்கு என் கணக்கு டியூஷன்ல இதே பாடம்தான். விடை சரின்னு தெரிஞ்சா, யார் சிரிச்சாலும் கையத் தூக்கிச் சொல்லுங்கன்னு பிள்ளைங்ககிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?"