பதிவேட்டில் ஒற்றை வரி

இங்குன்: இன்னும் கொட்டுதா?

ஹால்வர்ட்: நீதானே ஜன்னல்கிட்ட நிக்கிறே. என்னைக் கேட்டா?

இங்குன்: கண்ணாடி முழுக்க வெள்ளையா இருக்கு. ஒண்ணும் தெரியல... நேத்து இதே ஏரிக்கரையில சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு நடந்தோம், ஹால்வர்ட்.

ஹால்வர்ட்: நார்வேயில பொறந்து அறுபத்திரண்டு வருஷம் ஆச்சு. மே மாசக் கடைசியில முழங்கால் பனியை இப்பத்தான் பாக்குறேன். வந்து உட்காரு. கோகோ ஆறுது.

இங்குன்: மலைக் கணவாய்ப் பக்கம் இதைவிட மோசமா இருக்குமோ?

ஹால்வர்ட்: ... எதுக்குக் கேக்குறே?

இங்குன்: சும்மாதான்.

ஹால்வர்ட்: அங்க இடுப்பளவு இருக்கும். காத்து வேற. வழிக்கு நட்டிருந்த குச்சியெல்லாம் ஈஸ்டர் முடிஞ்சதும் பிடுங்கிட்டாங்க. கல்லுல போட்ட சிவப்பு அடையாளமும் இந்நேரம் பனிக்குள்ள போயிருக்கும்.

இங்குன்: நல்லவேளை, நாம அங்க போகாம ஏரிக் குடிலுக்கு வந்தோம்.

ஹால்வர்ட்: ம்.

இங்குன்: நேத்துக் காலையில கிளம்பறப்ப கீழ்க் குடில் பதிவேட்டுல நீதானே எழுதினே? அடுத்து எங்க போறோம்னு?

ஹால்வர்ட்: பின்ன யாரு? கல்யாணமான நாள்லேர்ந்து நான்தானே எழுதுறேன்.

இங்குன்: ஆமா... மேகம், காத்து, எத்தனை கலைமான் பாத்தோம், உன் முழங்கால் வலி. அரைப் பக்கம். பின்னால வர்றவங்களுக்கு எழுத எடமே இருக்காது.

ஹால்வர்ட்: கிண்டலா? யாராவது காணாமப் போனா அதைப் பாத்துத்தான் மீட்புக்குழு தேடும்.

இங்குன்: தெரியும். அதான் கேக்குறேன். ஏரிக் குடில்னுதானே எழுதினே?

ஹால்வர்ட்: ... விறகு குறைஞ்சு போச்சு. எடுத்துட்டு வரேன்.

இங்குன்: பெட்டி நிறைய இருக்கு. உட்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்... கோபப்படக் கூடாது.

ஹால்வர்ட்: சிண்ட்ரே வர்றான். அதானே?

இங்குன்: ... மாரித் சொன்னாளா?

ஹால்வர்ட்: உன் மக ஒண்ணும் சொல்லல. உன் பைதான் சொல்லுச்சு. குடில்ல உள்ள நுழைஞ்சு படுத்துக்க ஆளுக்கு ஒரு படுக்கை உறைதான் கொண்டு வருவோம். உன் பையில ரெண்டு இருந்துச்சு. அவன் எப்பவும் மறந்துட்டு வருவான்.

இங்குன்: ரெண்டு கிறிஸ்துமஸ் போச்சு, ஹால்வர்ட். பண்ணை எனக்கு வேணாம், தங்கச்சிக்குக் கொடுங்கன்னு சொன்னான். அதுக்காகப் பெத்த பிள்ளையோட பேசாமயே...

ஹால்வர்ட்: ஆறு தலைமுறையா மூத்த பிள்ளைக்கு வந்த மண்ணு.

இங்குன்: மாரித் நல்லாப் பாத்துக்கலியா?

ஹால்வர்ட்: ... நல்லாத்தான் பாத்துக்கிறா.

இங்குன்: கணவாய்க் குடிலா ஏரிக் குடிலான்னு வெயிலைப் பாத்து முடிவு பண்ணலாம்னு நீ சொல்லிட்டே. அதனால, இன்னிக்குக் காலையில கீழ்க் குடிலுக்கு வந்து பதிவேட்டைப் பாருடா, எங்க பின்னாலயே வாடான்னு அவன்கிட்ட சொல்லியிருந்தேன். அஞ்சு மணி நேர நடை. எப்பவோ வந்திருக்கணும்... ஏன் பூட்ஸ் போடுறே?

ஹால்வர்ட்: இங்குன்... நான் கணவாய்க் குடில்னு எழுதிட்டேன்.

இங்குன்: என்ன சொல்றே?

ஹால்வர்ட்: அங்க போய்க் காலிக் குடிலைப் பாத்துட்டுத் திரும்பிப் போகட்டும்னு... நேத்து வெயில் அடிச்சுது. பனி வரும்னு யாருக்குத் தெரியும்?

இங்குன்: என் பிள்ளையை... கணவாய்க்கா அனுப்பினே?

ஹால்வர்ட்: கயிறு எங்க?

இங்குன்: போனும் வேலை செய்யல. இந்தப் பனியில தனியா எங்கன்னு தேடுவே?

ஹால்வர்ட்: கதவை விடு, இங்குன்.

இங்குன்: மாட்டேன். ரெண்டு பேரையும் என்னால... இரு. வெளியில யாரோ பூட்ஸைத் தட்டுறாங்க.

சிண்ட்ரே: கதவை நல்லாத் தள்ளும்மா. பனி அடைச்சிருக்கு.

இங்குன்: சிண்ட்ரே... கையெல்லாம் விறைச்சுப் போச்சு. வா, அடுப்புகிட்ட வா.

சிண்ட்ரே: படுக்கை உறையை மறந்துட்டேன்மா.

இங்குன்: தெரியும்டா.

ஹால்வர்ட்: ... எந்த வழியா வந்தே?

சிண்ட்ரே: ஏரி வழியாத்தான். தண்ணியைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு நடந்தேன். கயிறெல்லாம் கட்டிக்கிட்டு நீங்க எங்க கிளம்பிட்டீங்கப்பா?

ஹால்வர்ட்: விறகு எடுக்க... நீ பதிவேட்டைப் பாக்கலியா?

சிண்ட்ரே: பாத்தேன். கணவாய்க் குடில்னு ஒரே வரி. காத்து இல்ல, மேகம் இல்ல, முழங்கால் வலிகூட இல்ல. பொய்னு அப்பவே தெரிஞ்சுது.

ஹால்வர்ட்: யாருக்காக எழுதின பொய்னும் தெரிஞ்சுதா?

சிண்ட்ரே: தெரிஞ்சுது. பஸ்ஸைப் பிடிக்கலாம்னு திரும்பிட்டேன்... பாதி தூரம் போறதுக்குள்ள பனி ஆரம்பிச்சுடுச்சு.

ஹால்வர்ட்: அப்புறம்?

சிண்ட்ரே: உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எல்லாரும் கணவாயிலதானே தேடுவாங்க? திரும்பவும் கீழ்க் குடிலுக்குப் போனேன். உங்க வரியை அடிச்சுட்டு, வேற எழுதிட்டு வந்தேன்.

ஹால்வர்ட்: ... என்னன்னு?

சிண்ட்ரே: ஏரிக் குடில். வடக்குக் காத்து. பனி கொட்டுது. அப்பாவுக்கு முழங்கால் வலி. ஆள் மூணு.