ஒரு முழ இடைவெளியின் காவலருக்கு

கண்டிப்பின் கருவூலமே! கிடங்கின் கண் துஞ்சாக் காவலரே! அவசர வழியில் ஒற்றை அட்டைப்பெட்டி கிடந்தாலும் ஊரைக் கூட்டிவிடும் தீத்தடுப்பு அதிகாரி ஐயா அவர்களே, வணக்கம்.

புதிதாக ஒரு ரேக் நிறுத்தினால், அதன் உச்சிச் சரக்குக்கும் கூரையிலுள்ள தண்ணீர்த் தெளிப்பானுக்கும் நடுவே ஒரு முழமாவது வெற்றிடம் வேண்டும், ரேக்குகளுக்கிடையே தண்ணீர் இறங்கச் சந்து வேண்டும், வெளியேறும் கதவு எங்கிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்று ஓதி ஓதி எங்கள் காதைத் துளைத்தீர்கள். வெறும் இடத்துக்கு இப்படியும் ஒரு காவலா என்று சலித்து, ‘முழக்கோல்’ என்று உங்களுக்குப் பட்டம் சூட்டினோம். தெரிந்தும் தெரியாததுபோல் நடமாடிய பெருந்தகையே, உம் பொறுமை வாழ்க.

அச்சடித்த பகுதி இவ்வளவே. கீழே இருந்த வாழ்த்துரையை அடித்துவிட்டோம். இனி வருவது கையால் எழுதியது. எழுத்து கோணினால் பொறுத்தருள்க. முற்றத்தில் நின்றபடியே எழுதுகிறோம்.

இன்று காலை, உங்கள் பணி ஓய்வு விழாவுக்கு நாற்காலி போடவே, தரையில் இருந்த பெட்டிகளையெல்லாம் புது ரேக்கின் உச்சியில், தெளிப்பானை முட்டும்வரை ஏற்றினோம். அவசர வழிக் கதவை அடைத்து மேடை போட்டோம். அந்தச் சுவர்தான் எடுப்பாக இருந்தது. ரேக்கின் கீழ்த்தட்டில் விளக்குச் சரமும் ஓடவிட்டோம். தீத்தடுப்பு அதிகாரியை வழியனுப்ப இப்படியோர் ஏற்பாடு வேறு யாருக்கும் தோன்றியிராது.

வந்தீர்கள். அண்ணாந்து பார்த்தீர்கள். எங்கள் அனைவரையும் முற்றத்துக்கு விரட்டினீர்கள். மேலாளர் கெஞ்சினார்: “ஐயா, இன்னிக்கு ஒரு நாள் கண்டுக்காதீங்க. உங்களுக்காகத்தானே செஞ்சோம்.”

“இன்னிக்கு ஒரு நாள்தான் எல்லாரும் ஒண்ணா உள்ளே உக்காரப் போறீங்க” என்று சொல்லிவிட்டுக் கிடங்கைப் பூட்டினீர்கள். விளக்குச் சரத்தை அணைக்கவும் சொன்னீர்கள். எலக்ட்ரீஷியன் அண்ணன் கோபத்தில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“போற நாள்லயும் மனுஷன் மாறலையே” என்று, இந்த மடலை வாசிக்க இருந்த பேக்கிங் அக்கா முணுமுணுத்துக்கொண்டிருந்தபோதுதான் ஜன்னலில் புகை தெரிந்தது. சரத்தின் வயர் கருகிப் பெட்டியில் பற்றிவிட்டது. தெளிப்பான் திறந்து கொட்டத்தான் செய்தது. முட்டி நின்ற பெட்டிகளின் தலையிலேயே விழுந்து ஓரமாக வழிந்தது. கீழே எரிந்த தீயை அது எட்டவேயில்லை. தீயணைப்பு வண்டி வருவதற்குள் மேடை, நாற்காலிகள், உங்களுக்கு வாங்கிய பரிசு எல்லாம் கரியாயின.

மேடைக்குப் பின்னால் இருந்த அந்தக் கதவைத்தான் எல்லாரும் நினைத்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஒவ்வொரு பயிற்சியிலும் எங்களை வரிசையில் நிறுத்தித் தலை எண்ணுவீர்கள், நாங்கள் நெளிவோம். இன்று அசையாமல் நின்றோம். உங்கள் குரல்தான் நடுவில் உடைந்தது. எண்ணிக்கை தவறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினீர்கள்.

ஐயா, உடல் நலத்தோடும் மன நிறைவோடும் நெடுங்காலம் வாழுங்கள். கொடுக்க இந்தத் தாளைத் தவிர எங்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. கீழே அவரவர் கையால் ஒப்பமிட்டிருக்கிறோம். வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எண்ணிப் பாருங்கள். ஒருவரும் குறையவில்லை.

இப்படிக்கு,
முற்றத்தில் நிற்கும் நாங்கள் எல்லாரும்