நீ மொதல்ல உள்ள போயிட்டு வா

அப்பிடிப் போயி நின்னா யாரு பாப்பா வேல குடுப்பா? கம்பெனியில என்ன செய்யிறாகன்னு தெரியாது, மேனேஜரு பேரு தெரியாது, மதுரையில எறங்கி எந்தப் பக்கம் நடக்கணும்னு தெரியாது. ஃபைலு மட்டும் பளபளன்னு இருக்கு. கோவிச்சுக்காத, நல்லதுக்குத்தேன் சொல்றேன். எங்க வீட்டுக்காரருகிட்ட இதச் சொல்லிருந்தன்னு வையி, மொதல்ல போயி வெசாரிச்சுட்டு வா தாயின்னு இந்தப் பஸ்ஸ விட்டே எறக்கி விட்ருப்பாரு.

பேரா? ராயப்பராஜ். தாராளமாச் சொல்லுவேன், அதுல என்ன இருக்கு. நான் சகாயசெல்வி. திண்டுக்கல்லு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கோம். டைப்பிங்கும் உண்டு. சர்டிபிகேட்டக் குடுத்து ரெண்டு காப்பி போடுங்கண்ணேன்னு ஒருத்தன் வருவான். மெசின் மூடியத் தொறந்து வச்சுக்கிட்டே, எந்த வேலைக்குப் போடப் போறன்னு கேப்பாரு. முடிஞ்சது. காப்பி எடுக்க வந்தவன் மத்தியானச் சோறு எங்க வீட்டுலதேன் திம்பான்.

காசா? அட நீ வேற. காப்பிக்கு மட்டுந்தேன் வாங்குவாரு. புத்திமதி இனாம்.

அவரு கணக்கு என்னன்னா, விண்ணப்பம் போடுறது கடைசி வேல. அதுக்கு முன்னாடி அந்த எடத்தப் பத்தி எல்லாம் தெரிஞ்சிருக்கணும். எத்தன மணிக்குச் சங்கு ஊதுது, டீக்கடையில யாரு பேச்சுக்கு மருவாதி, போன மாசம் வேலய விட்டுப் போனவன் எதுக்குப் போனான், அம்புட்டும். எரியோட்டுல இருந்து மதியழகன்னு ஒரு பய வந்தான். நூல் மில்லுல சூப்பர்வைசர் வேலைக்கு ஆளு கேட்டிருந்தாக. இவரு என்ன சொல்லிட்டாரு? நாலு நாளு மில்லு கேட்டுல போயி நில்லு, சும்மா கவனின்னுட்டாரு. அவனும் நின்னான். நாலாவது நாளு வாச்மேனு வந்து, ஏலே, ஷிப்டு ஆரம்பிச்சுக் கால்மணி நேரமாச்சு, இங்க என்னடா வேடிக்கன்னு கழுத்தப் புடிச்சு உள்ள தள்ளிட்டாரு. சாயங்காலம் வரைக்கும் பஞ்சு மூட்டை தூக்கிருக்கான் பாப்பா. போகும்போது மேஸ்திரி கூப்ட்டு, நாளைக்காச்சும் நேரத்துக்கு வாடான்னாராம்.

சிரிக்காத, முழுசாக் கேளு. அவன் இப்ப அதே மில்லுல நெசமாவே சூப்பர்வைசரு. விண்ணப்பம் எங்க கடை மேசையிலேயே கெடக்கு. இன்னும் ரெண்டு வெவரம் சேக்கணும்னு எடுத்து வச்சாரு. அது ஆச்சு மூணு வருசம்.

அதேன் அவருகிட்ட ஒரு கொறை. அடுத்தவுகளுக்குப் பாக்கும்போது எப்பிடியோ ஒப்பேறிருது. தனக்குன்னு ஒரு வேலைக்குப் போடணும்னு உக்காந்தாருன்னா, வெசாரிச்சு வெசாரிச்சுக் கடைசித் தேதி போயிரும். ஒரு தடவ ரொம்பச் சுத்தமா, ஒரு எழுத்துப் பெசகில்லாம விண்ணப்பம் தயார் பண்ணிக் கொண்டு போனாரு. அந்தக் கம்பெனியே மூடிட்டாக.

இந்த வருசம் நெலமை வேற மாதிரி ஆச்சு. எங்க தெருவுலயே ஏழு ஜெராக்ஸ் கடை வந்துருச்சு. அந்த நேரம் பாத்து பேப்பர்ல வந்துச்சு, சின்னாளப்பட்டிப் பக்கம் புதுசா ஒரு ஸ்கூலு, ஆபீஸ் கிளார்க் ஒருத்தரு வேணும்னு. டைப்பிங் தெரிஞ்சிருக்கணும், ஆம்பள பொம்பள யாரா இருந்தாலும் சரி. பேப்பர நாலா மடிச்சுச் சட்டப் பைக்குள்ள வச்சுக்கிட்டு, செல்வி, இது எனக்குன்னே போட்ருக்கான்னாரு. எனக்கும் ஆசைதேன். அம்புட்டுப் பேருக்கு வழி சொன்ன மனுசன், ஒரு நாக்காலியில உக்காரட்டுமே.

அப்பொறம் என்ன, வீடே ரெண்டுபட்டுப் போச்சு. அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு மே ஐ கமின்னு கேப்பாரு. நான் எஸ் கமின்னு சொன்னாத்தேன் நெலையத் தாண்டுவாரு. பாலு பொங்குது, என் கையில கருவாடு, இவரு வாசல்லயே நிக்கிறாரு. அந்த ஸ்கூலுக்கு மட்டும் நாலு தடவ போயிட்டு வந்தாரு. எதுத்தாப்புல புளிய மரத்தடியில நின்னு, எத்தன வேனு வருது, எத்தன பிள்ளைக எறங்குதுன்னு நோட்டுல குறிச்சிருக்காரு. பிள்ளை புடிக்கிறவன்னு நெனச்சு வாச்மேனு உள்ள போயிச் சொல்ல, ஸ்கூலு நடத்துற மேடமே வெளிய வந்துட்டாக. நீங்க எந்தப் பிள்ளையோட அப்பான்னு கேட்டிருக்காக. பதட்டத்துல, இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன் மேடம்னாராம்!

தண்ணி வேணுமா? இந்தா குடி. பொரையேறுற அளவுக்கா சிரிப்ப?

அதுக்கும் மேல ஒரு யோசன பண்ணாரு. செல்வி, உன் பேர்லயும் ஒரு விண்ணப்பம் போடுவோம், நீ மொதல்ல உள்ள போயிட்டு வா, என்னென்ன கேள்வி கேக்குறாகன்னு மனப்பாடம் பண்ணி எங்கிட்ட வந்து சொல்லுன்னாரு. எனக்கும் டைப்பிங் தெரியும், லோயர் பாஸ். அவரு விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் ஆச்சு. எனக்கு அஞ்சே நிமிசத்துல தட்டி முடிச்சாரு. கூப்பிட்டாக. என் நம்பரு ஏழு, அவருது பத்தொம்போது.

நான் வேலைக்கா போனேன்? கேள்வியப் பொறுக்கிட்டு வரத்தானே போனேன். அதனால பயமே இல்ல. மேடம் கேட்டாக, ஏம்மா இந்த வேலைக்கு வந்தீகன்னு. வீட்டுல போயிட்டு வரச் சொன்னாகன்னேன். கேள்வி கேக்க உக்காந்திருந்த மூணு பேரும் சிரிச்சாக. மேசையில அட்மிஷன் பாரம் கட்டுக் கட்டா இருந்துச்சு. கை சும்மா இருக்கல எனக்கு. ஒண்ண எடுத்துப் பாத்து, மேடம், இதுல அப்பா பேரு எழுத எடம் பத்தாது, போட்டோ ஒட்டுற எடத்துலயே ஓட்டை போட்டுக் கோத்தா பிள்ளைக மூஞ்சியெல்லாம் போயிருமேன்னேன். பதினோரு வருசமா அந்தக் கடையில எத்தன பாரம் பாத்திருப்பேன்! அவுக ஒண்ணு கேக்க, நான் ரெண்டு கேக்க, அரை மணி நேரம் ஓடிருச்சு. எனக்கு ஒரு நாக்காலியப் போட்டு உக்கார வச்சு, உனக்கு என்னம்மா தெரியும்னு அது வரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல பாப்பா. கேட்டப்பதேன் எனக்கே தெரிஞ்சுச்சு, கொஞ்சம் தெரிஞ்சுதேன் வச்சிருக்கேன்னு.

வெளிய வந்து, கேள்விய வரிசையாச் சொல்லிப்புட்டேன். மொதல்ல சொந்த ஊரு, ரெண்டாவது டைப்பிங், மூணாவது ஏன் வந்தீகன்னு. இவரு கண்ண மூடி மனப்பாடம் பண்ணிட்டு உள்ள போனாரு. அவுக என்ன பண்ணாக, வேர்த்துக் கொட்டுதேன்னு, ஃபேனு காத்து பத்துதான்னு கேட்டிருக்காக. இவரு, திண்டுக்கல்னு சொல்லிருக்காரு. தண்ணி வேணுமான்னதுக்கு, லோயர் ஹையர் ரெண்டும் பாஸ்னுட்டாரு. போயிட்டு வாங்கன்னதுக்கு, குழந்தைகளுக்குச் சேவை செய்ய வந்தேன்னாராம். வெளிய வந்து அவரேதேன் சொன்னாரு. நல்லாத்தேன் செஞ்சேன், வரிசை மட்டும் கொஞ்சம் மாறிப்போச்சுன்னு.

கெடைச்சுச்சாவா? கெடைச்சுச்சு. எனக்கு.

ஆமா, எனக்குத்தேன். இன்னிக்குச் சேரணும். அதுக்குத்தேன் இந்தப் பொடவை.

ஆர்டரு செவ்வாக்கெழம வந்துச்சு. பிரிச்சுப் பாத்தாரு. டைப்பிங் மெசினுக்கு முன்னாடி உக்காந்து, பெயர்ப் பிழையைத் திருத்தித் தரக் கோருதல்னு ஒரு கடுதாசி அடிச்சாரு. நேராக் கொண்டு போயிக் குடுத்தும் பாத்துட்டாரு. பிழையெல்லாம் இல்ல சார், உங்க சம்சாரத்தத்தான் எடுத்திருக்கோம்னு மேடம் சொல்லிட்டாக. வந்து சட்டையக் கழட்டி ஆணியில மாட்டுனாரு பாரு, அதுல இருந்து வாயத் தொறக்கல. உப்பு வேணும்னா தட்ட நகத்துவாரு. எனக்குச் சோறு எறங்கல பாப்பா. நேத்துக் காலையில, இந்தா பாருங்க, நான் போகல, இதக் கிழிச்சுப் போட்டுர்றேன்னு ஆர்டர எடுத்தேன். வெடுக்குன்னு புடுங்கிட்டுக் கடைக்குப் போயி, அஞ்சு காப்பி எடுத்து வச்சாரு.

இப்ப எங்கயா? டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, நீலக் கட்டம் போட்ட சட்டை. ஏய், அப்பிடித் திரும்பிப் பாக்காத. நான் கூப்பிடல. நான் ஸ்டாண்டுக்கு வாரேன், எனக்கு முன்னாடி இந்தப் பஸ்ஸுல ஏறி உக்காந்திருக்காரு.

எனக்கும் தெரியும் பாப்பா, உனக்குக் காது நல்லாத்தேன் கேக்குதுன்னு. நான் எப்பவும் இம்புட்டுச் சத்தமாப் பேசுற ஆளு இல்ல. இந்த எஞ்சின் எரைச்சலத் தாண்டி அந்தச் சீட்டுக்குக் கேக்கணும்ல? அவரு சொல்லிக் குடுத்ததுதேன் எனக்கு வேல வாங்கிக் குடுத்துச்சுன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னா, எந்திரிச்சுப் போயிர்றாரு. பஸ்ஸுக்குள்ள எங்க போவாரு?

சரி, என் எடம் வந்துருச்சு. சின்னாளப்பட்டிப் பிரிவுல எறங்கணும். கண்டக்டரே, விசில் குடுங்க, பிரிவு.

பாப்பா, அவரேதேன் கூப்புடுறாரு. என்னங்க? என்னயவா? பிரிவுல வேண்டாமா? அடுத்த ஸ்டாப்புல எறங்குனா நாலு நிமிசம் நடை மிச்சமா? சரிங்க. ஆமாங்க. நீங்க சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்.

பாப்பா, அந்தக் கம்பெனி மேனேஜரு பேர மட்டுமாச்சும் கேட்டுக்கிட்டு உள்ள போ, என்ன?

இந்தா வாரேங்க. பையவா? நானே தூக்கிக்கிருவேன்... சரி, புடிங்க. ஐயோ, சாய்க்காதீக, உள்ள ஆர்டருக்கு மேலதேன் சாம்பாரு இருக்கு!