மலையை மட்டும் கேட்டவர்

கீழ்பென்னாத்தூர் பஸ் கிளம்பாமல் உயிரை வாங்கியது. முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவன் தன் படத்தை விற்க, வருஷத்துக்கு ஒருமுறை கூடும் சினிமா சந்தைக்குப் போய்த் திரும்பியவன். மற்றவன் அந்தப் படத்தின் ஹீரோ.

“வாங்க வந்தவரு மலையை மட்டும் கேட்டாருடா.”

“என்னாது?”

“ஆரம்பத்துல ரெண்டு நிமிஷம் அண்ணாமலை வருதில்ல, அதை மட்டும். பக்தி சேனலுக்காம்.”

“முழுசா பாத்தாரா?”

“ஓட்டி ஓட்டிப் பாத்தாரு. நீ வந்ததும் நிறுத்திட்டாரு.”

“மூணு மாசம் வேலைக்குப் போகாம நடிச்சேன்டா.”

“தெரியும்.”

“நீ என்னா சொன்ன?”

“குடுத்துட்டேன்.”



“ஊர்ல கேட்டா?”

“டிவியில வரும்னு சொல்லு.”

“சொல்லலாம். எங்கம்மா நான் வர்ற வரைக்கும் மலையையே பாத்துனு உக்காந்திருக்குமேடா.”