நம் பொறு அண்ணன் கவனக்குறைவானவரா?

மேடையில் வீற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, இந்தக் கூடத்திலேயே பெரிய மலர்வளையத்தைக் கொண்டுவந்திருக்கும் பணிமனை மேலாளர் அவர்களே, அழுது ஓய்ந்து அமர்ந்திருக்கும் அண்ணியாரே, தோழர்களே! எல்லோருக்கும் வணக்கம். மேலாளருக்குத் தனி வணக்கம். தயவுசெய்து பாதியில் எழுந்துவிடாதீர்கள்.

நாற்பது பேருந்துகளுக்கு பிரேக் பார்த்த தலைமை மெக்கானிக், நம் பொறு அண்ணன், மறைந்து ஒன்பது நாளாகிறது. எதைக் கேட்டாலும் முதலில் "பொறு" என்பார், அதனால் அந்தப் பெயர். சக்கரத்தில் கை வைத்து, கண்ணை மூடி, "ஆண்டவரே, எனக்குப் புத்தி பத்தாது, நீரே காட்டும்" என்று முணுமுணுப்பார். "என்னண்ணே, பஸ்ஸுக்கு ஞானஸ்நானமா?" என்று கிண்டல் செய்தவன், அவருக்குக் கீழே மெக்கானிக்காக இருந்த நான்தான். கோபித்தாரா? இல்லை! "ஞானம் மேலேருந்துதான் வரும் தம்பி. ஆனா நட்டு கீழேதானே இருக்கு?" என்று சொல்லிவிட்டு, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவார்.

ஒருநாள், தானே சரியென்று அனுப்பிய வண்டியை வாசல்வரை ஓடிப்போய் மறித்தார். "நான் அவசரப்பட்டுட்டேன். எல்லாரையும் எறக்குங்க." பார்த்தால், பிரேக் குழாயில் மயிரிழை வெடிப்பு! ஊர் பார்க்கத் தன் தவறை ஒப்புக்கொள்ள நம்மில் எத்தனை பேருக்குத் துணிவு வரும்? அதைத்தான் நான் ஞானம் என்பேன்.

மேலாளர் அதற்கு வைத்த பெயர் என்ன? தாமதம்! பதினேழாம் நம்பர் வண்டியில் பின்சக்கர பிரேக் பிடிக்கவில்லை என்று அண்ணன் நிறுத்திவைத்தபோது, "இது டிப்போவா, ஜெபக்கூடமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். பிரேக் பார்த்த கையில் தண்ணீர்க் குழாயைக் கொடுத்து வண்டி கழுவ அனுப்பினார். நிறுத்திய வண்டி மறுநாளே ஓடியது. நான்காம் நாள் மாலை, அதே வண்டி சரிவில் நிற்காமல் இறங்கி, சுவரோரம் வேலையாக இருந்த அண்ணனை நசுக்கியது.

மேலாளரின் அறிக்கை என்ன சொல்கிறது? "இறந்தவரின் கவனக்குறைவு." கவனக்குறைவாம்! பொறு அண்ணனுக்கு! அந்தத் தாளைப் படித்த அவர் மகள், "எங்க அப்பாவா?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

நான் பழிவாங்கத் துடித்தேன். மறைப்பானேன்? எதிரியின் உயிரைக் கேட்காமல் ஞானத்தைக் கேட்ட வேதாகம ராஜாவைப் பற்றி நம் ஐயா எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறார்! நான் அந்த ராஜா இல்லை. எட்டு நாள் முழங்காலில் நின்று ஒரே ஒரு உயிரைத்தான் கேட்டேன். யாருடையது என்று மேலாளருக்குத் தெரியும், பாருங்கள், வியர்வையைத் துடைக்கிறார். மேலேயிருந்து பதிலே இல்லை. இன்று காலை அலுத்துப்போய், "எனக்குப் புத்தி பத்தாது, நீரே காட்டும்" என்றேன். காட்டினார். கேட்காமலேயே இருந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது.

பதினேழாம் நம்பரை வெளியே அனுப்பிய காலையில் மேலாளர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். "பிரேக் சரின்னு போடுய்யா. இல்ல, நீயும் கழுவப் போறியா?" நான் வண்டிக்கு அடியில் படுக்கவில்லை. டார்ச்சைக்கூட எடுக்கவில்லை. நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். ஆமாம் அண்ணி, நான்தான்! என்னை மன்னிக்கச் சொல்லி உங்களைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அண்ணன் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசியவர்கள் சபதம் செய்தார்கள். என் சபதம் சின்னது. நாளை காலை பத்து மணிக்கு இந்த விபத்து பற்றி விசாரணை. கையெழுத்துப் போட்டவன் யார், போடச் சொன்னவர் யார் என்று ஒரு வார்த்தை குறையாமல் சொல்வேன். எனக்கு வேலை போகும். கம்பி எண்ணவும் நேரலாம். போகட்டும்! மேலாளர் அவர்களே, நான் தப்பித்தால் நீங்களும் தப்பித்துவிடுவீர்கள். அதனால் நான் தப்பிக்கப் போவதில்லை.