மூணாவது கியர்

— மூணாவது கியர்லயே விடுடா தம்பி. நாலுக்குப் போனா சத்தம் மாறும், அப்பா முழிச்சுக்குவார்.

— பின்னாடி வந்த லாரிக்காரன் என்னை வாய்க்கு வந்தபடி திட்டிட்டுப் போறான்க்கா.

— திட்டட்டும். ஞாயித்துக்கிழமை மத்தியானம், ஏரிக்கரை ரோட்டுல அவனுக்கென்ன அவசரம்? கண்ணாடியில பாரு, தூங்கிட்டாரா?

— பின் சீட்டுல தலையைச் சாச்சு, வாயைத் திறந்துட்டு… குழந்தை மாதிரி.

— அப்பாடா! வாரம் பூரா வீட்டுல பொட்டுத் தூக்கம் கிடையாது. அம்மா போனதுலேர்ந்து அவர் அசந்து தூங்குறது இந்த ஓட்டை வண்டியிலதான்.

— அதைப் பத்திதான் சொல்லணும். வண்டிக்கு ஆள் பார்த்துட்டேன். நாளைக்குக் காலைல வந்து ஓட்டிட்டுப் போயிடுவான்.

— என்னடா குண்டைத் தூக்கிப் போடுற!

— பின்ன என்னக்கா? பின் கதவு உள்ளேர்ந்து திறக்காது. மழை பெஞ்சா காலடியில தண்ணி. சின்ன மேடு வந்தாலே இதுக்கு மூச்சு வாங்குது. நடு ரோட்டுல நின்னா நீயா தள்ளுவ?

— தள்ளுவேன். என் வேலைக்கு, உன் பொண்ணு ஸ்கூலுக்கு, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு அலைஞ்சதுக்கு, எல்லாத்துக்கும் இதுதானே ஓடுச்சு? ஒரு நாளாவது முகம் சுளிச்சுதா?

— என் புது வண்டியில கூட்டிட்டுப் போறேன்க்கா. சத்தமே இருக்காது. மெத்துமெத்துன்னு இருக்கும்.

— கிழிச்ச! போன மாசம் கூட்டிட்டுப் போனியே. நீ காதுல போனை மாட்டிட்டு ஆபீஸ் கதை. நான் சிவனேன்னு வேடிக்கை. அப்பா கொட்டக் கொட்ட முழிச்சுட்டே வந்தார்.

— இந்த டப்பாவுல ரேடியோகூட இல்ல. வேற வழியில்லாம உன்கூட வாயடிக்க வேண்டியிருக்கு.

— இங்கயாவது அடிக்கிறியே. அந்த ஆபரேஷன் சண்டைக்கப்புறம் வீட்டுக்குள்ள நீ என்கிட்ட ஒரு வாய் தண்ணி கேட்டிருப்பியா?

— …அம்மாவுக்குக் கத்தி வைக்க வேணாம்னு நீ சொன்னது சரியாக்கூட இருந்திருக்கலாம்க்கா. வைக்கணும்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன்.

— யாருக்குடா தெரியும்? நீயும் அவ பிழைக்கணும்னுதானே நினைச்ச. விடு. கண்ணைத் தொடைச்சுட்டு ரோட்டைப் பாரு.

— மர நிழலெல்லாம் கண்ணாடி மேல ஊர்ந்து போகுது பாரேன். தண்ணிக்கு அடியில போற மாதிரி இருக்கு.

— ம்… எனக்கே கண்ணைச் சொருகுது. இந்த ஆட்டம் தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரி. நீ மட்டும் தூங்கிடாத ராசா.

— இப்படியே போயிட்டே இருக்கலாம்போல இருக்குக்கா.

— போயேன். யார் வேணாம்னா?

— நாளைக்கு அந்த ஆள் வருவானே. என்ன சொல்ல?

— நீயே சொல்லு. இதையும் கொடுத்துட்டா, அப்பா எங்கடா தூங்குவார்?

— நான் எங்கேம்மா தூங்கினேன்? நான் முழிச்சா நீங்க ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திடுவீங்கன்னு வாராவாரம் கண்ணை மூடிட்டு உக்கார்ந்திருக்கேன்.