மிச்சமிருந்த முப்பத்தொரு பக்கம்

மிகப் பழைய அச்சில் துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். வாய்விட்டுப் படித்தால்தான் எது என்று தெரியும். அதனால்தான் எனக்கு ராஜரத்தினம் தேவைப்பட்டார்.

நான் ஊட்டிப் பக்கம் நடுவட்டத்தில் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி போய் ஆறு வருடம். காப்புரிமை தீர்ந்த நூல்களை இணையத்தில் ஏற்றும் தன்னார்வக் குழு ஒன்றுக்குத் தட்டச்சு செய்து கொடுத்து வந்தேன். கோவையிலிருந்து சுஜாதா என்பவர் வேலையைப் பிரித்து அனுப்புவார். நேரில் பார்த்ததில்லை.

ராஜரத்தினம் தொழிலாளர் குடியிருப்பில், கீழ் லைனில் தனியாக இருந்தார். இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்தே போனவர்களைப் பற்றிய ஒரு நூலை அவர் அப்பா அங்கிருந்து திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்திருந்தார். வேறு பிரதி எங்கும் கிடைக்கவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு அதைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார். அவர் படிப்பார், நான் தட்டுவேன். மூடுபனி இறங்கினால் சாப்பாடும் என் வீட்டில்தான்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகள் சரிதா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "புஸ்தகம் முடிஞ்சா வந்திருவேன் தானே" என்று போனில் அவர் சொன்னதை நானும் கேட்டேன். அன்றைக்கு மீதி முப்பத்தொரு பக்கம். அதை அவர் விரலாலேயே எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

அவருக்குக் கண்ணில் பிரஷர். சொட்டு மருந்தை நிறுத்தினால் பார்வை போகும், போனால் திரும்பாது என்று ஊட்டி டாக்டர் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவருக்குக் கை நடுங்கும் என்பதால் காலையும் மாலையும் நான்தான் சொட்டு விடுவேன். மகளிடம் அவர் அப்படிச் சொன்ன மறுநாள் மருந்தைக் கொட்டிவிட்டு, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை அந்தக் குப்பியில் நிரப்பினேன். கிருமி இருக்கக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். செக்கப்புக்குப் போகவேண்டிய நாட்களில் ரோட்டில் மண்சரிவு என்றேன். அந்த மழைக்காலத்தில் அது பாதி நாள் உண்மைதான். இடையிடையே எனக்கு இருமல், அவருக்கு முதுகுவலி என்று ஏதாவது சொல்லி வேலையை மெதுவாக நகர்த்தினேன்.

எழுத்தெல்லாம் புகை மாதிரி தெரிகிறது என்றார்.  தை மாதத்திலிருந்து நான் படித்தேன், அவர் கேட்டார்.

நூல் பங்குனியில் முடிந்தது. சுஜாதா கேட்டதால் அனுப்பிவிட்டேன். ஒரு கால்புள்ளியைக்கூட நான் மாற்றியதில்லை. ஆனால் அவருக்கு அதற்கு மேலும் படித்தேன். வழியில் கிணறு தோண்டிய ஒரு பெண், அவளுடைய இரண்டு பிள்ளைகள், மன்னார்க் காட்டில் அவர்கள் கழித்த ஒரு மழைக்காலம். எல்லாம் என் மனதில் தோன்றியவை. மடியில் நூலை வைத்துக்கொண்டு தாளைப் புரட்டுவேன். அந்தச் சத்தம் அவருக்குப் போதும்.

ஆவணியில் சரிதா போனில் அந்த நூலைப் பார்த்திருக்கிறாள். நன்றியுரையில் அப்பாவின் பெயர் இருந்தது. அப்பாவோ இன்னும் பத்துப் பக்கம் பாக்கி என்கிறார். மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டாள். நான் படித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, அது பங்குனியிலயே முடிஞ்சிருச்சு" என்றாள்.

 அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பி, "அப்ப அந்தக் கிணறு தோண்டின பொம்பளை?" என்று கேட்டார்.

"அது நான் சொன்னதுங்க" என்றேன்.

சரிதா அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். அலமாரியில் இருந்த குப்பியையும் எடுத்துக்கொண்டாள். திருப்பூர் டாக்டர் அதைச் சோதிக்க அனுப்பியதால்தான் நீங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். நான் மறுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

குப்பியில் இருந்தது என்னவென்று மட்டும் அவரிடம் சொல்லவேண்டாம். நான் செய்தேன் என்று தெரிந்தால், பாவம், அவருக்கென்று யாருமே இல்லாமல் போய்விடும்.